உன் குக்கரில் வெந்த துரையின் மான்கறி

என் உயிரான அக்கா,

அழுதுகொண்டே எழுதுவேன் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான் வருகிறது.

நீ கண்மூடியதும் உன்மேல் இருந்த மான்கறி வழக்கை முடித்துவிட்டார்கள். இறந்தவர்மேல் வழக்கு நடத்த முடியாதாம். நீ குற்றம் செய்யவில்லை என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. மச்சான்மேல் உள்ள வழக்கு அப்படியே நிற்கிறது. தண்டனை விழுந்தால் தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அவர் பேரை வெட்டுவார்கள், குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் பறிப்பார்கள். அதன்பிறகு அவர் எங்கே போவார்?

வீட்டுவேலைக்குப் போயிருந்த நம் லயத்துச் செல்வி குவைத்திலிருந்து கொண்டுவந்த அந்த ஸ்லோ குக்கரை எவ்வளவு ஆசையாக வைத்திருந்தாய்! காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் முன் கறியைப் போட்டு மூடிவிட்டால், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நீ திரும்பும்போது எலும்பு தானாகக் கழன்றிருக்கும். அந்தக் கைப்பக்குவம் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவரை தெரிந்திருந்தது. பட்டிப்பொலக் காட்டுப் பக்கம் களவாக அடித்த மரைமான் இறைச்சியைத் துரையின் சாரதி பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

"பங்களாவுல வச்சா ரப்பரு மாதிரி இருக்காம். நீங்க வச்சாத்தான் பஞ்சா இருக்குன்னு தொர சொன்னாரு" என்றான்.

பஞ்சுக்காகவா அக்கா அனுப்பினார்? தன் அடுப்பில் மான்கறி இருக்கக்கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது.

நீ மிளகும் இஞ்சியும் புளிப்புக்குக் கொறுக்காயும் போட்டு வேகவைத்தாய். வெந்ததைப் பங்களாவுக்கு அனுப்பினாய். அடியில் மிஞ்சியதை, கறி வைத்தால் அடுத்த காம்பராவுக்கு ஒரு கிண்ணம் போகவேண்டும் என்ற நம் லயத்து வழக்கப்படி, வரிசை முழுக்கப் பங்கிட்டாய். மறுநாள் வனஜீவராசிகள் அதிகாரிகள் வந்தபோது எலும்பும் கறிமிச்சமும் ஒட்டிய குக்கர் உன் காம்பராவில் இருந்தது; உன்னையும் மச்சானையும் பிடித்தார்கள். "தொர குடுத்து விட்டாங்கய்யா" என்று நீ சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

துரையை நேரில் பார்த்துக் கேட்டேன். "அந்தம்மா நல்லவங்கதான். லயத்துல என்ன சமைக்கிறாங்கன்னு நான் எப்படிப் பார்க்கிறது?" என்றார். அதைச் சொல்லும்போது எனக்குத் தேநீரும் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. பத்திரிகை நிருபனாக இருந்தும், அவர் பேரை அச்சில் போட என் கையில் சாட்சி இருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சானின் வக்கீல் லயத்துக்கு வந்தார். பை வந்ததைப் பார்த்தவர்கள் சாட்சி சொல்லலாம் என்றார். "ஆனா நீங்க சாப்பிட்டீங்களான்னு கட்டாயம் கேப்பாங்க. சாப்பிட்டதும் குத்தம்தான்."

அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். உன் கையால் வாங்கித் தின்றவர்கள்!

"நான் அன்னைக்கு வெரதங்க" என்றார் ராமையா அண்ணன்.

"வெரதமா?" பக்கத்துக் காம்பரா சரோஜா எழுந்துவிட்டாள். "நீங்க எலும்ப உறிஞ்சின சத்தத்துல எங்க வீட்டுப் பூனையே எழும்பிருச்சு!"

வக்கீலே சிரித்துவிட்டார். சரோஜா சிரிக்கவில்லை. "நான் தின்னேங்கய்யா. பை வந்ததயும் பாத்தேன், யாரு கொண்டாந்தான்னும் பாத்தேன், தொர பேரச் சொல்லிக் குடுத்ததயும் கேட்டேன். வந்து சொல்றேன்."

"உங்களையும் புடிச்சா?" என்று கேட்டார் வக்கீல்.

"புடிக்கட்டும். தின்ன வாயி பேசக்கூடாதா?"

மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் காம்பராவுக்குத் திரும்பினார்கள். ராமையா அண்ணன் மட்டும் போகும்போது என்னிடம், "கோட்டுக்கு எத்தன மணி பஸ்ஸு தம்பி?" என்று கேட்டார். வருவாரா, தெரியவில்லை.

அக்கா, நான் சரோஜாவோடு போகிறேன். அவள் கூண்டில் ஏறி, கறி அனுப்பியவர் பேரைச் சொல்வாள். நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட பேரை எழுத எனக்கு எவருடைய அனுமதியும் வேண்டாம். மறுநாள் பத்திரிகையில் அது என் பேருக்குக் கீழே வரும். எழுத்துப் பிசகாமல், முழுப்பேராக. இது உனக்கு நான் தரும் வாக்கு.

மச்சானுக்குச் சோறு போட்டுவிட்டு,
உன் கூடப்பிறந்த தம்பி