அப்பாவின் இதயத்துக்குப் பசியாம்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம் என்று அவரே சொல்லிக்கொண்டு திரிகிறார். உன் நலத்தை நீதான் எழுத வேண்டும்.

அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பது உனக்குத் தெரியும். ஆனால் மாத்திரையைப் பரிசோதனைக்குப் போகும்போது மட்டும்தான் விழுங்குகிறார் என்பது எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. பரீட்சை வந்தால் மட்டும் புத்தகத்தைத் தொடுகிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. ஸ்கேனில் இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. உடனே இவர், பைக் ரிப்பேருக்கு வருகிறவர்களிடமெல்லாம் "நமக்கு ஹார்ட்டு நல்லா திடமா வளர்ந்திருக்காம்" என்று பெருமையடிக்கிறார். அந்த அம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். இதயம் பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் சக்தி எடுக்கிறதாம், வருஷக்கணக்காக அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சுவர் தடித்துவிட்டால் கொழுப்பை எரிக்கிற திறன் குறைந்து சர்க்கரையை அதிகம் நம்பத் தொடங்குமாம், அதில் வருகிற சக்தி போதாமல், இரத்தத்தில் எரிபொருள் இருந்தும் இதயம் களைத்துப்போகுமாம். இத்தனையும் கேட்ட மனிதர் காதில் விழுந்தது கொழுப்பு என்ற ஒரே சொல். வெளியே வந்ததும் நேரே பலகாரக் கடைக்குப் போய் எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு பொட்டலம் வாங்கி, "பாவம், ஹார்ட்டு பசியில கெடக்குது, இல்லைன்னு சொல்ல மனசு வருமா" என்கிறார். எரிக்க முடியாத எஞ்சினுக்கு டேங்க் நிறைய ஊற்றி என்ன பயன் என்று கேட்டால், எஞ்சினைப் பற்றி எனக்கே பாடமா என்று கோபம் வேறு.

நேற்று சாயங்காலம் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது, நெற்றியெல்லாம் வியர்வை. என்னங்க என்றதற்குச் செருப்பு வாரை மாட்டுகிறாராம். போட்டிருந்தது வாரே இல்லாத செருப்பு. திட்டிக்கொண்டே கைத்தாங்கலாகக் கூட்டிவந்தேன், பிறகு சமையலறையில் நின்று அழுதேன். எனக்குப் பயமாக இருக்கிறதடா. நாளைக்கு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன்.

நீ தினமும் காலையில் அவரைக் கூப்பிடு. நான் சொன்னால் நச்சரிப்பு, நீ சொன்னால் பாசம். எப்படி இருக்கீங்க என்று கேட்காதே, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கும்வரை போனை வைக்காதே.

நோய்நொடியில்லாமல் நூறு வயது நன்றாக இரு. ஒன்றை மறக்காதே, நீ அவர் பிள்ளை. நீயும் இரத்த அழுத்தம் பார்த்து, எவ்வளவு வந்தது என்று எண்ணோடு எழுது. "நல்லாத்தான் இருக்கேன்" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த வார்த்தையில் நம்பிக்கையே போய்விட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா