சுண்ணாம்பு கேட்ட யட்சி

ஆவணி பத்து, வெள்ளிக்கிழமை.

மத்தியானம் பெருக்கும்போது மகள் ஷீபாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு நோட்டு கிடைத்தது. அவள் எழுதும் கதை. உட்கார்ந்து முழுதும் வாசித்தேன். நான் ஊரெல்லாம் சொல்லும் யட்சிக் கதைதான். ராஜா காலத்துப் பாழடைந்த கொட்டாரம், பாலை மரம், வழியில் போகிறவர்களிடம் சுண்ணாம்பு கேட்கும் யட்சி. சுண்ணாம்பைக் கத்தி முனையில்தான் நீட்ட வேண்டும், கை பட்டால் உயிர் போய்விடும். ஷீபாவின் கதையில் ஒரு பெண் விரலால் கொடுக்கிறாள். யட்சி அந்த விரலில் முத்தமிடுகிறாள். யட்சியின் புருவத்தில் தூண்டில் கிழித்த தழும்பு.

அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். வாரம்தோறும் பொழியூரிலிருந்து நெத்திலியோடு வரும் ஷீபாவின் கூட்டுக்காரி ஜின்சிக்கு உள்ளது. நல்ல நெத்திலி, மரச்சீனிக் கிழங்குக்கு அதை விட்டால் வேறு தொடுகறி கிடையாது. சொல்ல வந்தது அதுவல்ல. ஷீபா வந்ததும் நோட்டைக் காட்டிக் கேட்டேன்.

“பிள்ளே, இது நம்ம ஜின்சியாக்குமா?”

“ஆமாம்மா.”

“கதைக்கு வேண்டி எழுதினதா?”

“இல்ல, உள்ளதாக்கும். ஞாயிற்றுக்கிழமை என்னப் பொண்ணு பாக்க வாற பாலராமபுரத்துக்காரங்கள வரண்டாம்னு சொல்லு.”

வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு கேட்டேன். எப்போதும் விரலால் தருகிற பிள்ளை, கத்தி முனையில் நீட்டினாள்.

“கத்தி வேண்டாம் மக்கா, கையால தா.”

“மொதல்ல பாலராமபுரத்துக்குப் போன் போடும்மா. பொறவு தாறேன்.”

போன் மடியில் இருக்கிறது. வெற்றிலை வாடிவிட்டது.