முதல் வரியில் இருந்த வளைவு

மாமா,

இந்த வாரம் முழுக்க உங்கள் மகன் கையில் எனாமல் பெயின்ட் நாற்றம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சாப்பிட உட்காரும்போது வேண்டுமென்றே அந்தக் கையை என் முன்னால் நீட்டிக் குழம்பு ஊற்றச் சொல்கிறார். நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் உங்கள் பெயரைத் தாங்கி நிற்கிறதே ஒரு வளைவு, அதற்குத் தானே ஏணி வைத்து ஏறி மஞ்சளும் சிவப்புமாக அடித்துக்கொண்டிருக்கிறார். கிரிவலம் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த நாற்றம் மூக்கில் ஏறினால் எனக்கு நீங்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறீர்கள். வருஷா வருஷம் தீபத்துக்கு முன்னால் வளைவுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் விட்டுவிட்டு, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உங்கள் பெயரின் எழுத்து எதுவும் மங்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. திதி கொடுத்தாயிற்று. வந்தவர்கள் எல்லாரும் உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். நான் மட்டும் பாக்கி.

நான் நல்லது சொல்ல உட்காரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கு அடுத்த வருஷம் என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு திட்டம் எழுதி, பெற்றோரைக் கூட்டி வாசித்து, கையெழுத்து வாங்கி வேங்கிக்காலில் இருக்கிற கல்வி ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். மேலே இருக்கிற ஒன்றிரண்டு வரிகளுக்குத்தான் பணம் வரும். கீழே போனது அடுத்த வருஷமும் கீழேயேதான் கிடக்கும். பெற்றோர் கழகத் தலைவராக நீங்கள் இருந்த காலமெல்லாம் முதல் வரி அந்த வளைவுதான். முதலில் கட்டுவதற்கு. பிறகு டைல்ஸ் ஒட்டுவதற்கு. பிறகு லைட் போடுவதற்கு. அதெல்லாம் முடிந்த பிறகு பராமரிப்பு.

யாரும் ஏன் கேட்கவில்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். கேட்க ஆள் வந்தால்தானே. கூட்டத்தைப் பௌர்ணமி அன்று மத்தியானம் வைப்பீர்கள். பௌர்ணமி அன்று நம் ஊரில் எந்த அம்மா சும்மா இருக்கிறாள்? ஒருத்தி இட்லிக் கடை போட்டிருப்பாள், ஒருத்தி மோர் விற்பாள், நம் வீட்டிலேயே லெமன் சோடாவுக்கு எலுமிச்சை பிழிந்து மாளாது. மாசத்தில் நாலு காசு பார்க்கிற நாள் அது ஒன்றுதான். அந்த நாளில் கூட்டம். தலைமையாசிரியர், நீங்கள், உங்கள் சிநேகிதர்கள் இரண்டு பேர், காலி பெஞ்சுகள். சாயங்காலம் நீங்களே நோட்டைத் தூக்கிக்கொண்டு கிரிவலப் பாதையில் கடை கடையாக வருவீர்கள். "நம்ம ஸ்கூலு விஷயம்மா, ஒரு கையெழுத்து" என்பீர்கள். மாவுக் கையைத் துடைத்துவிட்டு எல்லாரும் போடுவார்கள். நினைத்தால் எனக்குக் கோபம் வரும், ஆனாலும் அந்த மூளையை மெச்சத்தான் வேண்டும். வேறு எந்த ஊர்க்காரருக்கும் இது தோன்றியிருக்காது.

இப்போது திவ்யாவுக்கு வருகிறேன். உங்கள் பேத்தி. உங்கள் செல்லம்.

அவள் ஏழாவது படிக்கும்போது காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். ஏண்டி குடிக்கலை என்று கேட்டால் தாகம் எடுக்கலைம்மா என்பாள். வெயில் காலத்திலும் தாகம் எடுக்காத பிள்ளை எங்கே இருக்கிறது? அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பெண் பிள்ளைகளின் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. போர் மோட்டார் எரிந்துபோய் அதற்குத் தண்ணீரும் இல்லை. பிள்ளைகள் போவதற்கு இடமில்லை என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பூட்டுச் சாவி உங்களிடம். திறந்து விட்டால் பௌர்ணமி கூட்டம் உள்ளே புகுந்து நாறடித்துவிடும் என்பது உங்கள் நியாயம். தீபத்துக்குப் போலீஸ்காரர்கள் வந்து பள்ளியில் தங்கும்போது மட்டும் டேங்கர் லாரி வரும், பூட்டு திறக்கும், அவர்கள் போனதும் மறுபடி பூட்டு.

ஒரு நாள் திவ்யாவுக்குக் குளிர் ஜுரம் வந்து தூக்கிப் போட்டது. ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று அழுதாள். அவளை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் வைத்துக் கொண்டுபோனது நீங்கள்தான். நான் பின்னால் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்காததால் வந்தது என்று டாக்டரம்மா சொன்னபோது நீங்கள் பக்கத்திலேயே நின்று கேட்டீர்கள். அன்றிலிருந்து அவள் எழுந்து உட்காரும் வரை தினமும் செங்கம் ரோடு வரை போய் இளநீர் வாங்கி வந்து, நீங்களே சீவி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தீர்கள். சீவும்போது உங்கள் கை நடுங்கியது. அதை நான் பார்த்தேன். இன்றைக்கும் உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அந்த நடுக்கத்தால் வந்தது. தெரியாமல் செய்திருந்தால் விட்டுத் தொலைத்திருப்பேன். நீங்கள் தெரிந்துகொண்டீர்கள், பதறினீர்கள், இளநீர் வாங்கினீர்கள், சாவியை மட்டும் எடுக்கவில்லை.

அந்த வருஷம் கூட்டத்துக்கு நான் வந்தேன். கடையை உங்கள் மகனிடம் விட்டுவிட்டு, எலுமிச்சை நெடி போகாத கையோடு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் உங்கள் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. நீங்கள் திட்டத்தை வாசித்தீர்கள். முதல் வரி, வளைவுக்கு விளக்கு. கடைசிக்கு முந்தின வரியில் மோட்டார். கழிப்பறை கழுவுகிற ஆளுக்குச் சம்பளம் என்ற வரியே இல்லை. நான் எழுந்தேன்.

"மோட்டாரு எரிஞ்சு எவ்ளோ நாளாவுது, அதை ஏன் கீழ தள்ளி வெச்சிருக்கீங்க? பொண்ணுங்க பாத்ரூமை ஏன் பூட்டி வெச்சிருக்கீங்க?"

நீங்கள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தீர்கள். "அதான் ஒரே வீட்ல இருக்கறமே, வீட்ல பேசிக்கலாம்மா. ஆகட்டும், பாக்கலாம். அடுத்து?"

உங்கள் சிநேகிதர்கள் சிரித்தார்கள். தலைமையாசிரியர் கூடச் சிரித்தார். சரி, வீட்டில்தான் பேசலாமே என்று அன்று சோறு போடும்போது அதே கேள்வியைக் கேட்டேன். நீங்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னீர்கள்:

"ஸ்கூல் விஷயத்தை ஸ்கூல்ல கேக்கணும். சோத்துல கொண்டாந்து போடாத."

இந்த இரண்டு பதிலையும் ஒரே நாளில் ஒரே வாயால் சொல்ல ஒரு தைரியம் வேண்டும் மாமா. உங்கள் மகன் குனிந்து ரசம் குடித்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு அந்தக் கரண்டியை உங்கள் தட்டிலேயே போட்டு உடைத்திருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

வாசல் அழகாக இருந்தால்தான் பள்ளிக்கு மதிப்பு, கிரிவலம் வருகிற பெரிய மனிதர்கள் பார்த்து அள்ளிக் கொடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். ஆசிரமம் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் வந்து வளைவைப் போட்டோ எடுத்தார். அதோடு சரி.

பள்ளி நிர்வாகக் குழுவுக்கு அம்மாக்கள்தான் தலைவராக இருக்க வேண்டும் என்று விதி வந்தபோது நீங்கள் என் பெயரைச் சொன்னீர்கள். ஊரே ஆச்சரியப்பட்டது. எனக்கு ஆச்சரியம் இல்லை. நாற்காலி வீட்டை விட்டுப் போகக் கூடாது, கேள்வி கேட்டவளையே அதில் உட்கார வைத்தால் வாயும் அடைபடும். "பேருக்குத்தாம்மா நீ. நான் இருக்கேன் பாத்துக்க" என்றீர்கள். நீங்கள் இருக்கவில்லை. மார்வலி என்று படுத்தவர் எழவே இல்லை. காரியம் முடிந்து உங்கள் பீரோ சாவிக் கொத்தை என் கையில் கொடுத்தார்கள். அதில் கழிப்பறைப் பூட்டின் பித்தளைச் சாவியும் இருந்தது.

அடுத்த நாளே போய்த் திறந்தேன். உள்ளே வெள்ளை டைல்ஸ் பளபளவென்று இருந்தது. எங்கேயும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. போலீஸ்காரர்களுக்கு வாங்கி வைத்த சோப்பு ஒன்று உறை பிரிக்காமல் மாடத்தில் இருந்தது. உங்கள் சாவுக்கு எனக்குச் சரியாக அழுகை வரவில்லை என்று நாத்தனார் குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்தச் சோப்பைப் பார்த்து அழுதேன். அதுவும் உங்களுக்காக இல்லை.

இந்த வருஷத் திட்டத்துக்குக் கூட்டம் போட்டோம். பௌர்ணமியும் இல்லை, அமாவாசையும் இல்லை, சாதாரண வெள்ளிக்கிழமை. பெஞ்சு போதாமல் ஜனங்கள் ஜன்னல் ஓரம் எல்லாம் நின்றார்கள். இத்தனை வருஷம் கேட்காததை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள் போல. யாரும் சிரிக்கவில்லை. அந்த நாற்காலியில் இருந்தது நான், கோபமும் என் மேல்தான். புதிதாக வந்த தலைமையாசிரியை திட்டத்தை வாசிக்கத் தொடங்கினார். பாவம், வெளியூர்க்காரர், போன வருஷத்துத் தாளைப் பார்த்து வருஷத்தை மட்டும் மாற்றி எழுதியிருந்தார். எனக்கும் அங்கேதான் தெரிந்தது. முதல் வரி, வாசல் வளைவுக்கு வண்ணம் பூசுதல்.

பஞ்சர் கடை பாஷா பாய் எழுந்தார். அவர் பேத்தியும் திவ்யா வகுப்புதான்.

"தலைவரம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மாமனாரு வளைவு மேல இருக்குது, எங்க புள்ளைங்களுக்குத் தண்ணி கீழ இருக்குது. அவருதான் போயிட்டாரே, இப்ப யாரு இதை எழுதுனது?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அத்தனை பேர் பார்க்கிறார்கள். தலைமையாசிரியையை விட்டுக் கொடுக்கவும் மனசில்லை. என்ன சொல்கிறோம் என்று யோசிக்கும் முன்னால் வாய் திறந்துவிட்டது.

"ஆகட்டும், பாக்கலாம். அடுத்து?"

இட்லிக் கடை சாந்தி பின்னாலிருந்து சொன்னாள்: "பெரியவரு வந்து உக்காந்துட்டாரு."

கூடம் முழுக்கச் சிரித்தது. நீங்கள் அன்று சிரித்த மாதிரிச் சிரிப்பு இல்லை அது, வெறுத்துப்போன சிரிப்பு. எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. உங்களைத் திட்டித் திட்டியே உங்கள் பேச்சை நான் பாடம் பண்ணியிருக்கிறேன். எழுந்து தலைமையாசிரியையிடம் தாளை வாங்கினேன். எல்லார் முன்னாலும் முதல் வரியை அடித்தேன். அந்த இடத்தில் மோட்டார். அதற்குக் கீழே கழுவுகிற ஆளுக்குச் சம்பளம். பாஷா பாயைக் கூப்பிட்டு வாசித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். சாந்தி போடவில்லை. மோட்டார் வந்த பிறகு போடுவாளாம். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வருவதற்குள் உங்கள் மகனுக்கு விஷயம் எட்டிவிட்டது. அப்பா பேரை நீயே அடிச்சியா, செத்தவருக்கு இதுதான் மரியாதையா என்று குதித்தார். மறுநாள் கடைக் காசை எடுத்துக்கொண்டு போய்ப் பெயின்ட் டப்பா வாங்கி வந்து, நான் பார்க்கும்படி வாசலில் வைத்தார். எனக்கு வலிக்க வேண்டும் என்று செய்தார். நான் சொன்னேன்:

"நல்லா அடிங்க. ஆனா வருஷா வருஷம் நம்ம காசுல நீங்களே அடிங்க."

அவருக்கு அது புரிந்ததோ என்னவோ. ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உங்கள் பெயருக்கு உங்கள் வீட்டுக் காசு. இதை நீங்கள் உயிரோடு இருக்கும்போதே செய்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை.

வேங்கிக்காலிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. கழிப்பறைப் பூட்டைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டாயிற்று. கூட்டத்துக்குப் பிறகு பிள்ளைகள் கைப்பம்பில் அடித்துப் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். அம்மாக்கள் முறை வைத்துக் கழுவுகிறோம். என் முறை வரும்போது உங்களுக்கு நல்ல அர்ச்சனை விழும். நேற்று திவ்யாவின் பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். பாதிதான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சந்தோஷமாக இருந்தது. உங்கள் மேல் கோபமும் வந்தது. கோபம்தான் ரொம்ப நேரம் இருந்தது.

அந்தப் பித்தளைச் சாவி இன்னும் என் கொத்தில்தான் இருக்கிறது. இனி அதற்கு எந்தப் பூட்டும் இல்லை. கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்க எழுந்தால் கொத்தை மேஜைக்கு அடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். அது உள்ளங்கையில் குத்தும். குத்தும்போது "ஆகட்டும், பாக்கலாம்" தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. உங்களிடமிருந்து எனக்கு என்று வந்த சொத்து அந்த வார்த்தை ஒன்றுதான், மாமா. சாகும்வரை அதைச் செலவு செய்யாமல் வைத்திருப்பேன்.