வியாழன் மேல் ஒரு புள்ளி

நல்லம்பள்ளி
9.2.2026

சுல்தானாவுக்கு,

இதோடு நாலு படம் வைத்திருக்கிறேன். நம் தொலைநோக்கியில் செல்போனைக் கட்டி, நேற்றுப் பொழுது சாய்ந்த பிறகு மாடியில் அரை மணிக்கு ஒன்றாக எடுத்த வியாழன். பட்டை பட்டையாக எவ்வளவு அழகு பார். அதன் முகத்தில் இருக்கிற கரும்புள்ளியையும் பார். நான் ஊரில் இல்லாத நேரத்தில், பித்தளைக் குடம் விளக்குவது போல உள்ளே இருந்த கண்ணாடியைப் புளி போட்டுத் தேய்த்தாயே, பூச்சு போன அந்த இடம்தான் இது. இரண்டு பேரும் ஆசை ஆசையாகச் சேர்ந்து வாங்கிய சாமான். உனக்கு எப்படிடி மனசு வந்தது? இனி இது எனக்கு வேண்டாம். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்.

சுகுணா

பொம்மிடி
14.2.2026

அன்புள்ள சுகுணாவுக்கு,

போனை எடுக்காதவள் கடுதாசியாவது போட்டாயே, சந்தோஷம். மங்கலாக இருக்கிறதே, பளபளவென்று ஆகட்டும் என்றுதான் தேய்த்தேன். புத்தி கெட்ட வேலைதான், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

ஆனால் ஒரு சந்தேகம், கோபப்படாமல் கேள். நாலு படத்தையும் வரிசையாக வைத்தேன். முதல் படத்தில் ஓரத்தில் இருக்கிற புள்ளி கடைசியில் நடுவுக்கு வந்துவிட்டது. நான் தேய்த்த இடம் எப்படி நடக்கும்? வூட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியில் மையால் ஒரு பொட்டு வைத்து மாட்டிவிட்டேன். "என் மூஞ்சியில புள்ளி தெரியுதாங்க?" என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, லேசா மங்கலாத்தான் தெரியுது. தொடச்சிக் குடு, கடைக்குப் போவணும்" என்கிறார்.

கண்ணாடியில் கறை இருந்தால் மங்கத்தானே செய்கிறது, புள்ளியாக எப்படி விழும்? இன்னும் சில நாள் எடுத்துப் பாரேன். எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

உன் சுல்தானா

நல்லம்பள்ளி
24.2.2026

அடி சுல்தானா,

உன் கேள்வியால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் விடாமல் எடுத்தேன். சில நாள் புள்ளியே இல்லை! நேற்று மறுபடி வந்தது. வியாழனின் குட்டி நிலா ஒன்று முன்னால் போக, புள்ளி பின்னாலேயே ஊர்ந்தது. அது நிலாவின் நிழலடி! நமக்குச் சூரிய கிரகணம் பிடிக்கிற மாதிரி அங்கே பிடித்திருக்கிறது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டா உன்னைத் திட்டினேன்! புளி போட்ட கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்தைத்தான் குறைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா.

சுகுணா

பொம்மிடி
27.2.2026

அன்புள்ள சுகுணாவுக்கு,

படித்ததும் சத்தம் போட்டுச் சிரித்தேன். கிரகணமாமே! அதைப் பார்க்க எனக்குக் கை பரபரக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்காமல் வர முடியவில்லை. அந்தப் புள்ளி என் கைவேலையாகவே இருந்திருந்தால், நீ என்னைக் கூப்பிட்டிருப்பாயா? கண்ணாடியைக் கெடுத்தது இன்றைக்கும் நான்தானே. மனசில் இருப்பதை எழுது. பொய் வேண்டாம்.

சுல்தானா

1.3.2026

அன்புள்ள சுல்தானாவுக்கு,

கூப்பிட்டிருக்க மாட்டேன். வீம்பு பிடித்தவள் நான், உனக்குத் தெரியாததா? ஆனால் புள்ளி நகர்ந்தபோது "ஏய், இங்க பாரு!" என்று கத்திவிட்டுத் திரும்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை. அழுகை வந்துவிட்டது.

நேரில் சொல்ல வாய் வராது என்று எழுதியே எடுத்துவந்தேன். உன் வூட்டுக்காரர் கையில் இதைக் கொடுத்துவிட்டு, தொலைநோக்கியோடு உன் வாசலில் நிற்கிறேன். உள்ளே கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம்.

சுகுணா