சரிங்க என்றவனுக்கு

இன்று காலை பட்டி டப்பாவை நான்தான் திறந்தேன். கண்ணாடி ஓரத்தில் அப்புவோமே, அதே பட்டி. ஆளிவிதை எண்ணெய் வாடை முகத்தில் அடித்ததும் உன் மேல் கோபம் வந்தது. செத்துப்போனவர்களை நினைத்தால் மற்றவர்களுக்கு அழுகை வருமாம். எனக்கு உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. உலுக்க நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஓட்டலில் நாம் கட்டிய மீன் தொட்டி ஒரு மூலையில் கசிகிறது என்று ஓட்டல் முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்த இரண்டு டிப்ளமோக்காரர்கள் மீன் தொட்டி கட்டினால் அது எப்படி இருக்கும்? லாரி மாதிரிதான் இருந்தது. பாடிக்குப் போடுகிற ஆங்கிள் இரும்பையே சட்டமாக வெல்டு வைத்தோம். ஆள் நீளத்துக்கு மேல் கண்ணாடி. பட்டறை மேஸ்திரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரிங்க, டயரு எப்ப மாட்டறீங்க?" என்று கேட்டார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. பாரம் தாங்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மீன்கள் உன் ஏற்பாடு. மெட்ராசிலிருந்து லாரி கேபினில், மடியில் பாலிதீன் பைகளை வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். விரல் நீளத்துக்கு நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று, வெள்ளையில் கறுப்புப் பட்டை போட்டது ஒன்று என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். ஆப்பிரிக்காவில் ஏதோ ஏரியாம். சோப்பு நுரைக்காத நம் ஊர் போர்த் தண்ணீர் அவற்றுக்குப் பிறந்த வீடு மாதிரி என்றாய். அது உண்மைதான். முதலாளி குனிந்து பார்த்து, ஏரியில் கிடக்கிற ஜிலேபி மீனாட்டம் இருக்கிறதே என்று முகம் சுளித்தார். "அதே சாதிதானுங்க. இது நல்ல சட்டை போட்டிருக்குது" என்று நீ சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. ஆளைக் குளிரவைக்க உனக்குத் தெரியும். அதுதான் உன் கேடு.

யாரோடு யாரைச் சேர்ப்பது என்பதில் மட்டும் நீ கறாராக இருந்தாய். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஆடி அசைந்து நீந்துகிற, வால் நீண்ட மீன் ஆகாது. நாலைந்தை மட்டும் போட்டால் இளைத்ததைச் சேர்ந்து அடிக்கும். நிறையப் போட்டால் யாரைத் துரத்துவது என்று தெரியாமல் அடி பரவிப்போகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டும். அப்புறம் புதிதாக ஒன்றை விடுவதானால் முதலில் கல்லையெல்லாம் இடம் மாற்றி வைக்க வேண்டும், அப்போதுதான் பழையதுக்கும் அது புது ஊர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே நிறத்தில் இரண்டு கூடாது.

ஏன் என்று கேட்டேன். எனக்குக் காரணம் வேண்டும்.

"நம்மூட்டு நாயந்தான் மாப்ள. ஒரே நிறம்னா பங்காளி. வரப்புக்கு வெட்டிக்குவானுங்க. வேற நிறம்னா மாமன் மச்சான். மொறச்சுப் பாத்துட்டுப் போயிருவானுங்க."

கிணற்றுப் பங்குக்காகப் பெரியப்பன் மகன்களோடு கோர்ட்டுக்கு நடக்கிற வீட்டில் பிறந்தவன் நான். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தத் தொட்டி மாதக்கணக்கில் அமைதியாக ஓடியது. கரண்டு போய்க் காற்று மோட்டார் நின்ற நாளில்கூட ஒரு மீன் சாகவில்லை.

அப்புறம்தான் முதலாளிக்கு இரக்கம் பிறந்தது. நீலம் ஒற்றையாகச் சுற்றுகிறது, பார்க்கப் பாவமாக இருக்கிறது, அதற்கு ஒரு சோடி பிடித்துப் போடுங்கள் என்றார். அப்படியே இரண்டு தங்கமீனும் போட்டால் லட்சுமிகரமாக இருக்குமாம். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

"சரிங்க."

அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குப் பல் கூசுகிறது. நீயே சொன்ன நியாயம், நீயே கட்டிய தொட்டி. கல்லைக்கூட மாற்றாமல் கொண்டுபோய் விட்டாய், அவர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினார் என்று. வாரம் திரும்புவதற்குள் இரண்டாவது நீலம் செதிள் பெயர்ந்து மூலையில் மிதந்தது. தங்கமீன்களுக்கு வால் இருந்த இடத்தில் வால் இல்லை. முதலாளி நம்மைத்தான் திட்டினார். அதற்கும் நீ சரிங்க என்றாய்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்து உன்னை வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஆள் கூடிவிட்டது. நீ டீயை ஆற்றிக்கொண்டே, நான் பேசினால் கல்லெறிகிற மாதிரி இருக்கிறது என்றாய். "முடியாதுன்னே சொல்லு. ஆனா பின்னால ஒரு ‘ங்க’ சேத்துக்க. வாய் தேஞ்சா போயிரும்?"

"உங்கிட்ட ‘ங்க’ மட்டுந்தான்டா இருக்குது. அதுக்கு முன்னால ‘முடியாது’ இல்ல" என்றேன். நீ சிரித்தாய்.

அடுத்த ஆனியில் உன் கண் மஞ்சளானது. முதலில் பார்த்தவன் நான். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே பஸ் ஏறு என்றேன். எடப்பாடிக்குப் போய் வீட்டில் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னாய். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். "சரிடா மாப்ள." எனக்கும் அதே சரி.

வெள்ளிக்கிழமை உன் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் நீ சுருண்டு கிடந்தாய். உன் சித்தப்பா ஒரு வைத்தியரிடம் பொடி வாங்கி வந்திருந்தார், சரிங்க. பக்கத்து வீட்டு அம்மா ஏதோ வேரை அரைத்துக் கொடுத்தார், சரிங்க. நூல் கடைக்காரர் விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்னார், சரிங்க. கம்பவுண்டர் ஒருவர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். யார் மனசும் நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் வாங்கி உள்ளே விட்டிருக்கிறாய். அன்றைக்கே உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சேலத்தில் டாக்டர் என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டபோது உன் வீட்டார் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். நீ அங்கிருந்து திரும்பவில்லை.

எதோடு எது சேரும், எதோடு எது சேராது என்று ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு அத்தனை யோசித்தவன், உன் வயிற்றுக்கு யோசித்தாயா? யோசித்திருப்பாய். தெரியாமல் குடித்தவன் இல்லை நீ. தெரிந்தே, எதிரே நிற்கிறவர் முகத்துக்காகக் குடித்தாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எழவு வீட்டில் ஒவ்வொருவராக வந்து, தங்கமான பையன், ஒருத்தருக்கும் முடியாதென்று சொன்னதில்லை என்றார்கள். பாராட்டுகிறார்களாம். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இன்று மீன்களை டிரம்முக்கு மாற்றி, தண்ணீரை இறக்கி, பழைய பட்டியைச் சுரண்டிப் புதிது அப்பினேன். உன் நீலம் இன்னும் இருக்கிறது. நிறம் மங்கிவிட்டது, திமிர் மங்கவில்லை. பிடிக்கப் போன கையைக் கடித்தது. முதலாளி வந்து நின்றார். மகளுக்குக் கல்யாணமாம், வரவேற்பு ஓட்டலிலேயேதானாம். "கலியாணத்துக்கு வாரவங்க பாப்பாங்கல்ல. செகப்பா, வால் நீளமா நாலு மீனு உடு சாமி" என்றார்.

"முடியாதுங்க."

எனக்கே அது என் குரலாகத் தெரியவில்லை. அவருக்கும் ஆச்சரியம். தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"அவன் இருந்தா சரிங்கன்னிருப்பான்."

"அதனாலதானுங்க அவன் இல்ல."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பின்னே எதைத்தான் விடலாம் என்று கேட்டார். ஒரே அளவு, வேறு வேறு நிறம், கல்லை மாற்றி வைத்த பிறகு என்றேன். தலையாட்டினார்.

கையில் பட்டி வாடை இன்னும் போகவில்லை. ‘முடியாது’ என்னுடையது, எப்போதும் என்னிடம் இருந்ததுதான். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த ‘ங்க’ உன்னுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். உன் ‘சரிங்க’ எனக்கு வேண்டாம்டா.