அப்பாவின் கட்டை விரல்

அன்புள்ள அப்பாவுக்கு, ரஞ்சிதாவின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் புனேயில் நலம்.

இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. போன லீவில் திருக்கோகர்ணம் வந்தபோது, இங்கே எடுத்த படங்களை நீங்களே திறந்து பார்க்கட்டும் என்று என் ஆபீஸ் போனில் உங்கள் கட்டை விரலைப் பதிந்து வைத்தேனே! "எம் வெரலுக்கும் தொறக்குதே தாயி!" என்று சிரித்தீர்கள். அதில் எங்கள் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் ஆஸ்பத்திரி நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கிறது. வேறு யார் விரலும் கூடாது. தெரிந்தேதான் செய்தேன்.

நேற்று ஆபீஸில் எல்லார் போனையும் சோதித்ததில் பிடித்துவிட்டார்கள். வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதீர்கள். உங்கள் ரேகையை அழிக்கச் சொன்னார்கள், அழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

யாருடைய விரல் என்று கேட்ட படிவத்தில் இரண்டே கட்டம்தான் இருந்தது: ஊழியர், வெளியாள். உங்களை வெளியாள் என்று டிக் அடித்தேன், அப்பா.

ரஞ்சிதா