பஜார் இருமல்

என் சண்டைக்காரி விசாலம் அக்காவுக்கு,

நீ போனதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். கோபம் விடவில்லை. இன்றைக்கு உடம்பு அசந்து கிடக்கிறது, கோபப்படக்கூடத் தெம்பில்லை. அதனால்தான் எழுத வருகிறது.

நீயும் நானும் சேர்ந்து நடந்த கொச்சி மட்டாஞ்சேரி வார்டில் இப்போது நான் ஒருத்திதான் நடக்கிறேன். பிரஷர் மாத்திரை தின்றீர்களா, குழந்தைக்கு ஊசி போட்டீர்களா, மொட்டைமாடிச் சிரட்டையில் தண்ணீர் நிற்கிறதா என்று வீடு வீடாகக் கேட்கிற அதே ஆஷா சுகாதார வேலை. உன் இடத்துக்கு ஆள் வரும், வரும் என்கிறார்கள். இடப்பள்ளி மாலில் வேலை பார்க்கும் என் மகள், "விட்டுத் தொலையம்மா" என்கிறாள். விட்டால் என்ன என்று எனக்கும் தோன்றத்தான் செய்கிறது.

ஒரு நல்ல சேதி. ஆரோக்கிய மையத்தில் சனிக்கிழமை சனிக்கிழமை பெண்களுக்கு யோகா வகுப்பு நடக்கிறது. குனி என்றால் ஒருத்திக்கும் குனிய வராது. கடைசியில் கண்ணை மூடிப் படுக்கிற ஆசனம் மட்டும் எல்லோருக்கும் பிரமாதமாக வருகிறது. மீன் விற்கிற ரோசி சேச்சி குறட்டையே விட்டுவிட்டாள். டீச்சர் எழுப்பப் போனாள், நான்தான் தடுத்தேன். அந்த மனுஷி வேறு எங்கே போய்த் தூங்குவாள்? நீ இருந்திருந்தால் பக்கத்துப் பாயில் படுத்திருப்பாய்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். நம் பஜார் சங்கதி உனக்குத் தெரியாததில்லை. மிளகும் சுக்கும் வற்றல் மிளகாயும் கோடவுன் கோடவுனாக அடுக்கிக் கிடக்கிற இடம். ஒருவன் சாக்கை உதறினால் தெருவே தும்மும். இங்கே ஒருத்தர் இருமினால், "எந்தக் கோடவுன்?" என்றுதான் கேட்பார்கள். "எத்தனை நாளாச்சு?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். தூசி இருமல், பஜார் இருமல். ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டு மேலே ஒரு சுக்குக் காப்பி குடித்தால் தீர்ந்தது வைத்தியம்.

எத்தனை நாளாச்சு என்று கேட்டவள் நீ ஒருத்திதான். சளிப் பரிசோதனை டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு கோடவுன் வாசலில் நிற்பாய். "எச்சில் வேண்டாம் அண்ணே, காலைல எழுந்ததும் நெஞ்சுக்குள்ள இருந்து வரணும்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வாய். டப்பா அக்கா என்று பேர் வைத்தார்கள். கூப்பிட்டால் நீயும் வெட்கமில்லாமல் திரும்பிப் பார்ப்பாய். உன்னால் டிபி மாத்திரை தின்று பிழைத்தவர்கள் இன்றும் அந்தத் தெருவில் மூட்டை தூக்குகிறார்கள்.

அப்படிப்பட்டவள் உனக்கு இருமல் வந்தபோது என்ன சொன்னாய்? "என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சுக்குக் கோடவுன். தூசி. நீ சும்மா கிட." மெலிந்தாய். "நடக்கிற நடைக்கு மெலியாம பின்ன?" என்றாய். நான் நீட்டிய டப்பாவை வாங்கி, "இது அந்த வளைவு வீட்டுக்காரனுக்கு வேணும்" என்று அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாய். அவன் பிழைத்துக்கொண்டான். உனக்கு நோயைக் கண்டுபிடித்தபோது மருந்தைத் தாங்க உன் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. இதற்கு நான் அழுவதா, சிரிப்பதா? சொல்லேன்.

இப்போது கனகராஜ் அண்ணன். உனக்குத் தெரியும், மிளகாய்க் கோடவுனில் சுமை தூக்குகிறவர், வாய் நிறைய வெற்றிலை. மழைக்கு முன்னால் தொடங்கிய இருமல் இன்னும் நிற்கவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இருப்பதோ ஒரே அறை. அவர் சம்சாரம் முத்து என்னைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளை பொறக்கறதுக்குள்ள ஏதாவது செய்யி ரமணி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

டப்பா கொடுத்தேன். மறுநாள் போனால் அதில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு அடைத்து வைத்திருக்கிறார்! மூடி நன்றாக இறுக்கமாக இருக்கிறதாம். வேறு டப்பா கொடுத்தேன். அதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தார், மையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேற்று மறுபடியும் புது டப்பாவோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். காலெல்லாம் வலி.

"ஒரு கொழப்பமும் இல்ல தங்கச்சி. மொளகாத் தூசியாக்கும்" என்றார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. விடாமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முத்து சாயா கிளாஸோடு ஓடி வந்தாள். அண்ணன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"எத்தன நாளாச்சு?"

பஜாரில் யாரும் கேட்காத கேள்வியை அந்த மனுஷன் கேட்டார் அக்கா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெனமும் விசாலம் அக்கா வீட்டு வழியாத்தானே வர்றேன், சுக்குத் தூசி" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவர் சிரிக்கவில்லை. "டப்பா அக்காவும் இதத்தான் சொல்லிச்சு" என்றார். வெற்றிலையை வெளியே துப்பினார். பிறகு அவரே, "நீ குடு. நானும் குடுக்கறேன்" என்றார்.

இன்று காலை குளித்துவிட்டு மையத்துக்குப் போனேன். கனகராஜ் அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார், டப்பாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. என்னைக் கண்டதும், "நெஞ்சுக்குள்ள இருந்துதானே?" என்று கேட்டார். நெஞ்சுக்குள் இருந்துதான் என்றேன். மேஜைமேல் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். முடிவு திங்கட்கிழமை வருமாம். அவர் சுமை தூக்கப் போய்விட்டார். நான் யோகாவுக்குப் பாய் விரித்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் இந்தக் கடிதம் வீட்டில் எங்கே கிடந்தாலும் பயமில்லை. ஆனால் இன்று மாலை வாயால் சொல்லிவிடுவேன்.

பயமாகத்தான் இருக்கிறது அக்கா. உன்மேல் கோபமும் போகவில்லை. நோய் இருந்தால் மருந்தைக் கடைசி மாத்திரை வரைக்கும் தின்பேன். இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். எது வந்தாலும் ஒன்று மட்டும் சத்தியம். என் பேர் எழுதின டப்பாவை இனி யாருக்கும் தூக்கிக் கொடுக்க மாட்டேன்.

நீ திட்டித் திட்டி வளர்த்த,
உன் கூடப்பிறக்காத தங்கச்சி
ரமணி